ஒப்புக்குச் சப்பாணி

ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீ போய்ச் சேர்ந்தாயா, சேர்ந்த இடத்தில் தலை சாய்க்க ஒரு மூலை கிடைத்ததா, முதலில் அதை எழுது.

உன் மகள் வந்த நாளிலிருந்து தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலை. ஒன்பது வயதுப் பிள்ளை "இது வேணாம், அது வேணும்" என்று ஒரு தடவையாவது முரண்டு பிடிக்க வேண்டாமா? சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவிக் கவிழ்க்கிறாள். என் தட்டையும் சேர்த்து. வெளியே போகக் கதவைத் திறந்தால், "பெரியம்மா, நான் போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பில் கால் வைக்கிறாள். நேற்று அவளுக்கென்று ஒரு புதுத் தலையணை வாங்கி வந்தேன். "வேணாம் பெரியம்மா, பழகிட்டா அப்புறம் கஷ்டம்" என்றாள். பிள்ளைக்கு என்னடி சொல்லி அனுப்பினாய்?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை வழக்கம்போலத்தான். விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் போட்டு வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எங்கள் கட்டடம் உனக்குத் தெரியும், மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்த் தொட்டி. மோட்டார் அறைச் சாவி வாரம் ஒரு வீடாகச் சுற்றி வரும். சாவி யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டார் காலையில் மோட்டார் போட வேண்டும், தொட்டி நிரம்புகிற வரை மொட்டை மாடியில் காவல் நிற்க வேண்டும், படிக்கட்டைக் கூட்ட வேண்டும். இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாவி கையில் கிடைப்பதென்றால் பட்டாபிஷேகம் மாதிரி. உன் மகளையும் மெல்ல அதில் பழக்கலாம் என்று பார்க்கிறேன். ஆள் இருந்தும் நான் ஒற்றையாகத் துடைப்பத்தோடு ஏறி இறங்குவானேன்?

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம். மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, அலட்சியம் வேண்டாம்.

இங்கே வேலை ஒன்றும் கஷ்டமில்லை. இறாலை உரித்து ஐஸில் போட வேண்டும், அவ்வளவுதான். கையுறை தருகிறார்கள். அறை நல்ல அறை. ஜன்னலைத் திறந்தால் கடல்.

அவள் முரண்டு பிடிக்காமல் இருப்பது என் வளர்ப்பு. அதில் கவலைப்பட என்ன இருக்கிறது? நான்தான் சொல்லி அனுப்பினேன். எதையும் கேட்காதே, யாரிடமும் ஒட்டாதே, இது நம் வீடு இல்லை, இந்த வருஷப் பள்ளிக்கூடம் முடிந்ததும் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று. கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கிளம்புகிற பிள்ளை, தாமரை இலைத் தண்ணீராக இருந்தால்தான் அவளுக்கும் நல்லது, உனக்கும் நல்லது.

எனக்காக ஒரு காரியம் செய், அக்கா. கட்டடத்தில் இருக்கிறவர்களிடம் சொல்லி வை: விருந்தாளிப் பிள்ளை, யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேச வேண்டாம் என்று. சாவி முறையிலும் அவளைச் சேர்க்காதே. நாளைக்கு ஒன்று ஆனால் "வந்த பிள்ளை கெடுத்துடுச்சு" என்பார்கள். அதைக் கேட்க என்னால் முடியாது.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

தங்கை


ஜூலை 29

அன்புத் தங்கைக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். வீக்கம் வடிகிறது, மறுபடி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்ததும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கும் என்னை விட்டால் போக்கிடம் இல்லை. உனக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்கிறதா?

நீ சொன்னபடியே செய்தேன். கீழ்வீட்டு ஹாரன் மாமாவிடம் சொன்னேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ரகசியம் பேசினாலே தெருமுனை வரை கேட்கும், அதனால் அந்தப் பெயர். மேல்மாடியில் டைப் கிளாஸ் நடத்தும் டீச்சரிடமும் சொன்னேன். டீச்சரின் இரண்டு பையன்களையும் நிறுத்திவைத்து, "அவ விருந்தாளி, பார்த்து நடந்துக்கணும்" என்று கண்டித்துச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சொன்னதை அப்படியே செய்கிறார்கள். அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடினார்கள். உன் மகளையும் கூப்பிட்டார்கள். அவள் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்தாள். பாவாடை நுனி வெளியே தெரிகிறது. தேடுகிற பையன் வந்தான், பார்த்தான், பார்க்காத மாதிரிப் போய்விட்டான். அப்புறம் மற்ற எல்லாரையும் கண்டுபிடித்து ஆட்டமும் முடிந்தது. இவள் இன்னமும் படிக்கு அடியில் குந்தியிருக்கிறாள்.

ராத்திரி சோறு போடும்போது கேட்டாள், "பெரியம்மா, என்னை மட்டும் ஏன் யாரும் அவுட் ஆக்க மாட்டேங்கறாங்க?"

என்ன பதில் சொல்வேன்? ஒப்புக்குச் சப்பாணியாக ஆட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள், நீ ஜெயித்தாலும் கணக்கில்லை, தோற்றாலும் கணக்கில்லை என்றா? உனக்கு ஐந்து வயதில் நான் உன்னை அப்படிச் சேர்த்துக்கொண்டதற்கு என் கையைக் கடித்து வைத்தவள் நீ. உன் பெண் கடிக்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் அவர்களிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டுமா? நீ சொல்லாமல் செய்ய மாட்டேன். பெற்றவள் நீ.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் கடிதப் பாடம் நடத்தினார்கள். முதலில் நலம் விசாரிக்க வேண்டுமாம். அதனால் விசாரிக்கிறேன். நீ நலமா? உன் கடல் நலமா?

நான் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. பெரியம்மா இரண்டாவது தடவை சோறு போட்டால் போதும் என்று சொல்லிவிடுகிறேன். விளையாடும்போது யாரோடும் சண்டை வரவில்லை. இங்கே எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. பெரியம்மாவுக்கு இஸ்திரி. டீச்சரின் பெரிய பையன் கரண்ட்டு கம்பம், சின்னவன் சட்னி. எனக்கு விருந்தாளி. அது பட்டப்பெயரா என்று சட்னியிடம் கேட்டேன். இல்லை என்றான்.

நீ எப்போது வருவாய்? மரியாதையாகக் கேட்கிறேன்.

உன் கீழ்ப்படிந்த மகள்


செப்டம்பர் 20

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஏற்றுமதி நெருக்கடி, இரண்டு ஷிஃப்ட் சேர்த்து வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை. விரல் நுனிகள் கொஞ்சம் மரத்துப் போகின்றன, ஐஸ் வேலை என்றால் எல்லாருக்கும் உள்ளதுதான். உன் கை எப்படி?

குழந்தை கடிதம் வந்தது. கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கிறது. யாரோடும் சண்டை இல்லை என்று எழுதியிருக்கிறாள், சந்தோஷம். அப்படியே இருக்கட்டும். நீ ஒன்றையும் மாற்ற வேண்டாம்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. கம்பளி தருவார்கள் என்று நினைக்கிறேன்.

தங்கை


அக்டோபர் 16

அன்புத் தங்கைக்கு,

கம்பளி கொடுத்தார்களா? இல்லையென்றால் எழுது, பார்சல் போடுகிறேன். நான் சுகம், கை மட்டும் சுகமில்லை. அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன். உட்கார்ந்து படி. படித்து முடிக்கும்வரை கோபப்படாதே.

போன வாரம் சாவி நம் வீட்டு முறை. சனிக்கிழமை மணிக்கட்டில் உயிர் போகிற வலி. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலை வேலை முடிந்து வந்து படுத்தவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டேன். வந்து போட்டுக்கொள்ளலாம் என்று காலையில் விட்டுப் போன மோட்டார் அப்படியே நின்றது. உன் மகள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு தானே போயிருக்கிறாள். பெரியம்மாவை எழுப்ப வேண்டாம், நம் முறையை நாமே செய்வோம் என்று. மோட்டாரைப் போட்டாள், மொட்டை மாடிக்கு ஏறினாள், காவல் நின்றாள். எல்லாம் சரி. ஆனால் கீழே தெருவில் பிள்ளைகள் ஆட்டம் ஆரம்பித்திருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தவள் தொட்டியை மறந்துவிட்டாள்.

தொட்டி நிரம்பி வழிந்து, மாடிப்படி அருவியாகி, தண்ணீர் நேராக ஹாரன் மாமா வீட்டுக்குள் போய்விட்டது. அவர் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறவர். மெத்தை மிதக்கிறது. மோட்டார் உறிஞ்சி உறிஞ்சி, குடிக்கவும் சமைக்கவும் நாங்கள் எடுக்கிற கீழ்த்தொட்டியும் வறண்டுவிட்டது. மறுநாள் கட்டடத்துக் குழாயில் தண்ணீர் வரும்வரை மூன்று மாடிக்கும் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

சத்தம் கேட்டு நான் எழுந்து ஓடி வந்தேன். கட்டடமே படிக்கட்டில் நிற்கிறது. மாமா, "எவன்டா அது மோட்டார் போட்டது!" என்று ஒரு ஹாரன் அடித்தார். உன் மகள் நனைந்த பாவாடையோடு, சாவியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்து, "நான்தான்" என்றாள்.

மாமாவின் வாய் அப்படியே நின்றுவிட்டது. குரலை இறக்கி, "பரவால்லம்மா, பரவால்ல. நீ விருந்தாளி. போய்த் துணி மாத்திக்கோ" என்றார். டீச்சரும் சிரித்து மழுப்பிவிட்டுத் திரும்பினாள்.

அப்போது உன் மகள் போட்டாளே ஒரு சத்தம்!

"ஏன் என்னைத் திட்ட மாட்டேங்கறீங்க? முந்தாநாள் சட்னி குழாயைத் திறந்து விட்டதுக்கு எல்லாரும் சேர்ந்து திட்டினீங்கல்ல? அவன் செஞ்சா தப்பு, நான் செஞ்சா தப்பு இல்லையா? நான் இங்க இல்லவே இல்லையா?"

அவள் உதடு துடிக்கிறது. இந்த நாலு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது ஏங்கி ஏங்கி அழுகிறாள்.

முதலில் சுதாரித்தவள் டீச்சர்தான். இடுப்பில் கை வைத்தாள். "ஏண்டி, மோட்டாரைப் போட்டா கண்ணைத் தொட்டி மேல வைக்கணும்னு தெரியாது? என்னடி பராக்கு? இப்ப நான் எதை வச்சு சமைக்கிறது? உன் கண்ணீரையா?" என்றாள். மாமாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "என் மெத்தையை யாரு காய வைக்கிறது? உங்க பெரியம்மாவா இஸ்திரி போடுவா?" என்று பழைய சுருதிக்கு வந்தார். திட்டத் திட்ட அவள் அழுகை அடங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை சொன்னேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள், இங்கே திட்டுகிற வாய்தான் சேர்த்துக்கொண்டது.

தண்டனை என்ன தெரியுமா? பிள்ளைகள் எல்லாரும் தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வீடு தண்ணீர் சுமந்து தர வேண்டும். உன் மகள் கையில் பெரிய வாளி. மற்ற பிள்ளைகள் அவளை வையாத வசவு இல்லை. "உன்னாலதான்டி!" என்று சட்னி முதுகில் ஒன்று வைத்தான். இவள் திருப்பி வைத்தாள். இருட்டும்வரை சுமந்தார்கள். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோறு கேட்டாள். கேட்டாள், தங்கச்சி! "இன்னும் கொஞ்சம் போடு பெரியம்மா" என்று.

இப்போது அவளுக்குப் பட்டப்பெயர் 'வெள்ளம்'. தெருவில் அப்படிக் கூப்பிட்டால் துள்ளிக்கொண்டு ஓடுகிறாள். நேற்று கண்ணாமூச்சியில் முதல் ஆளாக அவுட் ஆனாளாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ சொன்னதை நான் மீறவில்லை. அவளே மீறிவிட்டாள். எனக்கு அசதியாக இருக்கிறது, ஆனால் நல்ல அசதி.

அக்கா


நவம்பர் 4

அக்காவுக்கு,

நலம்.

ஊர் கூடி என் பிள்ளையைத் திட்டியது, நீ பார்த்துக்கொண்டு நின்றாய். நின்றது மட்டுமா, நீயும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னாய். அதையும் ஏதோ விருது வாங்கின மாதிரி எனக்கு எழுதுகிறாய். அப்பன் இல்லாத பிள்ளை, அம்மா பக்கத்தில் இல்லாத பிள்ளை, கேட்பார் இல்லை என்றுதானே வாளியைக் கையில் கொடுத்தார்கள்? அவளுக்குப் பெயர் இருக்கிறது. அவள் அப்பா வைத்த பெயர். வெள்ளமாம் வெள்ளம்.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அவர் இருந்தபோது நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரம்மா இவளைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். "இது என் பொண்ணு, நான் தர மாட்டேன்" என்பாள். அவர் போய் வாடகை நின்றதும் அதே வாயால் "எப்பக் காலி பண்றீங்க" என்று கேட்டாள். பெரியவள் எனக்குப் புரிந்தது. குழந்தைக்கு எப்படிப் புரிய வைப்பது? நாலு வீடு மாறிய பிறகும், தூக்கத்தில் அந்த அம்மாளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டவள் நான். இன்னொரு தடவை கேட்க எனக்குத் திராணி இல்லை.

இங்கே பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி ஒன்று இருக்கிறது. விசாரித்துவிட்டேன். ஜனவரியில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அவளிடம் சொல்லிவிடு.

தங்கை


நவம்பர் 22

தங்கைக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

சரி. பெற்ற மனம் பித்து, அதோடு வழக்காட எனக்கு வலு இல்லை. அவளிடம் சொல்லிவிட்டேன்.

அழவில்லை. முரண்டு பிடிக்கவில்லை. "பரவால்ல பெரியம்மா. நான்தான் பழகியிருக்கக் கூடாது" என்றாள். அன்றிலிருந்து கீழே விளையாடப் போவதில்லை. சட்னி வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போகிறான், இவள் பாடம் இருக்கிறது என்கிறாள். தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறாள். என் தட்டையும் சேர்த்து.

அந்த வீட்டுக்காரம்மாவை நான் மறக்கவில்லையடி. நீ சொல்வது நிஜம்தான், நாளைக்கு இந்தக் கட்டடமும் எங்களைக் கைவிடலாம். யார் கண்டது? ஆனால் கைவிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் கையே நீட்டாமல் வளர்கிற பிள்ளை, பெரியவளாகி என்ன செய்யும்? ஒருநாள் இடறி விழுந்தால் யாரைக் கூப்பிடும்?

இன்னொன்று. நீ எழுதியதை எல்லாம் நேற்று எடுத்து வைத்து வாசித்தேன். கடல் இருக்கிறது, மழை இருக்கிறது, இறால் இருக்கிறது. ஒரு மனுஷர் இல்லை. பக்கத்தில் படுப்பவள் யார், கூட உட்கார்ந்து உரிப்பவள் யார், எவளோடு சண்டை போட்டாய், எவள் உன்னைச் சிரிக்க வைத்தாள், ஒரு வரி இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. அங்கே நீ எப்படித்தான் இருக்கிறாய்?

அக்கா


ஜனவரி 19

தங்கைக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்பதே தெரியாமல் எழுதுகிறேன்.

ஜனவரியில் வருகிறேன் என்றாய். ஆளும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. தந்தி அடித்தேன், அதற்கும் பதில் இல்லை. கோபம் என்றால் கோபமாக இரண்டு வரி எழுது. வசவாவது வரட்டும்.

அவள் தன் துணிமணிகளை மடித்து வைத்துவிட்டுத் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வாசல் கேட்டருகே நிற்கிறாள். யார் கூப்பிட்டாலும் வருவதில்லை. ஹாரன் மாமா தன் நாற்காலியைக் கேட் பக்கம் போட்டுக்கொண்டு, பேப்பர் படிக்கிற சாக்கில் அவளுக்குக் காவல் இருக்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் பேசாமல் இருப்பது எங்களுக்கெல்லாம் பயமாக இருக்கிறது.

எங்கே இருந்தாலும் எழுது, என் கண்ணே.

அக்கா


பிப்ரவரி 15

என் அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். பதறாதே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலைந்து நாள் ஆகிறது. பேனா பிடிக்க இப்போதுதான் விரல் வளைகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறைக்கவும் தெம்பு வேண்டுமே, அது இல்லை.

கடல் தெரிகிற ஜன்னல் கிடையாது. ஜன்னலே கிடையாது. பெரிய கொட்டகையில் வரிசையாக அடுக்குக் கட்டில்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், பகல் வேலைக்காரி ஒருத்தி, இரவு வேலைக்காரி ஒருத்தி. அவள் எழுந்த சூட்டில் நான் படுப்பேன். இந்த எட்டு மாதத்தில் அவளோடு நான் ஒரு பேச்சு பேசியதில்லை. யாரோடும் பேசியதில்லை. கொஞ்ச நாளில் போகப்போகிறோம், எதற்கு ஒட்டு என்று இருந்துவிட்டேன். வந்த புதிதில் கூப்பிட்டார்கள், தேநீர் நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

புது வருஷம் பிறந்த கையோடு காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியவில்லை. கட்டிலைப் பங்கு போடுகிறவள் வந்து பார்த்திருக்கிறாள். நான் வேலைக்குப் போகாமல் தூங்குகிறேன் என்று நினைத்து, எழுப்பினால் எனக்குப் பிடிக்காது என்று பயந்து, தரையில் துணி விரித்துப் படுத்திருக்கிறாள். என் கட்டிலைச் சுற்றித்தான் எல்லாரும் நடந்தார்கள், சிரித்தார்கள், தலை வாரினார்கள். எனக்கு எல்லாம் கேட்டது. "தண்ணி" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். எவளைப் பார்த்துக் கேட்பது? ஒருத்தி பெயர்கூட எனக்குத் தெரியவில்லை, அக்கா. கேட்கக் கூச்சமாக இருந்தது. சாகக் கிடக்கிறபோதும் கூச்சமாக இருந்தது.

வேலைக்கு வராதவளை நீக்க வந்த மேஸ்திரிதான் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டி பிடித்திருக்கிறார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். "உனக்கு எங்களைப் பிடிக்காதுன்னு நினைச்சோம்" என்றார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

குழந்தை அங்கேயே இருக்கட்டும், அக்கா. கூட்டிவர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியும். அந்த விடுதியை நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அங்கே போனால் அவளும் என்னைப் போலத்தான் படுத்துக் கிடப்பாள். வேண்டாம். நான் வரவில்லை என்பதை நீயே சொல்லிவிடு. நான் சொன்னதை எல்லாம் மறந்துவிடச் சொல். கீழே போய் விளையாடச் சொல். அவர்கள் திட்டட்டும்.

உன் தங்கை


மார்ச் 6

அம்மா,

நலம் எல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன். உனக்கு அறிவு இருக்கா?

காய்ச்சல் என்றால் சொல்ல வேண்டாமா? தண்ணி வேண்டும் என்றால் கேட்க வேண்டாமா? பெரியம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாங்க. நான் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். எல்லாரும் வந்து பார்த்தாங்க. வெட்கமாக இல்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகிட்டாங்க. ஹாரன் மாமா உன்னை இங்கிருந்தே திட்டினார். அவ்வளவு தூரத்துக்கு எப்படியும் கேட்டிருக்கும்.

நீ வரவில்லை என்பதில் எனக்குக் கோபம். நிறையக் கோபம். அது அப்படியே இருக்கட்டும், போகவில்லை. துணியை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளு. உன் கட்டிலில் படுக்கிற ஆன்ட்டியிடம் ஏதாவது ஒன்று இரவல் கேளு. ஊசி நூல் கேளு. உன்னிடம் இருந்தாலும் கேளு. முதலில் நானும் இருக்கிறதை வைத்துச் சமாளிப்பேன். அப்போது யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் சட்னியிடம் ரப்பர் கேட்டேன். மறுநாள் அவன் என்னிடம் ஸ்கேல் கேட்டான். இன்னும் திருப்பித் தரவில்லை. அப்படித்தான் ஆரம்பிக்கும். கஷ்டம் இல்லை.

அந்த ஆன்ட்டி பெயரை எனக்கு எழுது. பட்டப்பெயர் இருந்தால் அதையும்.

மகள்


மார்ச் 30

என் செல்லத்துக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. நீ நலம் விசாரிக்காமல் விட்டதால் நானே சொல்கிறேன்.

நீ சொன்னபடி ஊசி நூல் கேட்டேன். அவள் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். அவள் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு, "அடிப்பாவி, உனக்குப் பேச வருமா!" என்று போட்ட சத்தத்தில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பிறகு பிடித்துக்கொண்டாள். காய்ச்சலில் வாயைத் திறக்காமல் கிடந்ததற்கு, தேநீரை வேண்டாம் என்றதற்கு, அவளைத் தரையில் படுக்க வைத்ததற்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டினாள். அழுதேன் போலிருக்கிறது. வேலைக்குச் சங்கு ஊதியபோதும் அவள் நிறுத்தவில்லை.

அவள் சட்டையில் ஒரு பட்டன் இல்லை. அவள் ஊசியிலேயே நான் தைத்துக் கொடுத்தேன்.

அவளை இங்கே எல்லாரும் மிளகாய் என்கிறார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. உன் வயதில் அவளுக்கும் ஒரு பெண் இருக்கிறாளாம், தூரத்தில்.

இங்கே கோடை மழை பிடித்திருக்கிறது. நாளைக்கு மிளகாயிடம் குடை கேட்கப் போகிறேன். என்னிடம் ஒன்று இருக்கிறது.

அம்மா